பிக்கப்பில் கேம்பர் பெட்டி ஏற்றுவது: தடுப்பு முதலில், கட்டு அப்புறம்

பிக்கப் வாங்கியவர்கள் நிறைய பேர் இப்போது கேட்கிற கேள்வி, அதில் கேம்பர் பெட்டி ஏற்றலாமா என்பது. வாரநாளில் லோடு அடிக்கலாம், விடுமுறைக்கு ஒரு கேம்பர் பெட்டியைத் தூக்கி மேலே வைத்துக் குடும்பத்தோடு முட்டத்துக்கோ பேச்சிப்பாறைப் பக்கமோ போய்த் தங்கலாம், திரும்பி வந்ததும் பெட்டியை இறக்கி வீட்டு ஓரத்தில் நிறுத்திவிடலாம். நல்ல யோசனைதான். கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் அடங்கிய ஒரு கூண்டு, பிளைவுட்டிலும் அலுமினியத்திலும் செய்தால் 400 கிலோவுக்குள்ளேயே அடக்கிவிடலாம். நான் சொல்ல வருவது பெட்டி செய்வதைப் பற்றி அல்ல, அதை வண்டியில் உட்கார வைப்பதைப் பற்றி. தச்சுவேலையில் காட்டுகிற அக்கறையில் பாதியைக்கூட இதில் யாரும் காட்டுவதில்லை.

வெளிநாட்டுப் படங்களில் பார்க்கிற கேம்பர்கள் தொட்டி மாதிரி இருக்கிற பாடிக்குள் இறங்கி உட்காருகின்றன. சுற்றிலும் தகரச் சுவர், உள்ளே வீல் மேடு, பெட்டி நகர நினைத்தாலும் அதிக தூரம் போக முடியாது. நம்முடைய பிளாட் பாடியில் பக்கத் தடுப்புகளான டோர்களைக் கழற்றிவிட்டால் வெறும் தட்டுதான் மிச்சம். அதன் மேல் வைத்த பெட்டி முன்னால், பின்னால், இடம், வலம் என்று நாலு பக்கமும் போகத் தயாராக இருக்கிறது. அதனால் பிளாட் பாடியில் பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால் தடுக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு விடியற்காலையில். நண்பரின் பெட்டியை ஏற்றி, ஒரு பட்டறையில் சொன்னபடி பாடியின் ஓரத்துக் கயிற்றுக் கொக்கிகளில் நாலு ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்டி இறுக்குகிற நாடா) போட்டு இறுக்கி, நாகர்கோவிலில் இருந்து கிளம்பினோம். தோவாளை பூச்சந்தைக்கு முன்னால் ஒரு பைக் குறுக்கே வந்தது, பிரேக் போட்டார். பைக்காரர் தப்பித்தார், ஆனால் பின்னால் "டம்" என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பெட்டி நாலு விரல் முன்னால் வந்து கேபினின் பின் தகரத்தில் முட்டி நிற்கிறது, முன் பக்கத்துக் கொக்கி ஒன்று வெல்டிங்கோடு பிய்ந்து தொங்குகிறது. அந்தக் கொக்கி வாழைக்குலை சரியாமல் கயிறு போடுவதற்கு வைத்தது. அரை டன் பெட்டியைப் பிடிக்க அல்ல. வண்டி அப்போது நாற்பதுக்கு மேல் போகவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் எடை. ஆர்.சி.யில் இரண்டு எண் இருக்கும், வெறும் வண்டியின் எடையும் லோடோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடையும். வெறும் எடைக்கு ஆர்.சி.யை நம்பாமல், டீசல் நிரப்பி, வழக்கமாக வருகிற ஆட்களை உட்கார வைத்து எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். ஆர்.சி.யில் மொத்தம் 2,900 கிலோ, மேடையில் 1,800 காட்டுகிறது என்றால் உங்கள் கையில் மிச்சம் 1,100. பெட்டியின் எடையை எல்லா சாமானும் வைத்துப் போட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, எனவே 80 லிட்டர் டேங்க் ஒரு ஆள் எடை. வீட்டு கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பதை நெருங்கும், அதனால் 5 கிலோ சிலிண்டரே போதும். பேட்டரி, பாய், தலையணை, பாத்திரம், அரிசி என்று எல்லாம் சேரும்போது 400 கிலோ பெட்டி 600 ஆவது சாதாரணம்.

இன்னொன்று. வண்டியின் லோடு கணக்கு சிமெண்ட் மூட்டை மாதிரி தட்டோடு தட்டாகப் படிகிற சரக்கை வைத்துப் போட்டது, ஆளுயரப் பெட்டியின் பாரம் மேலே நிற்கும். அனுமதித்த லோடில் முக்கால் பங்குக்கு மேல் பெட்டி போகக்கூடாது என்பது என் கணக்கு. பின் ஸ்பிரிங்கில் லீஃப் பட்டை ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டேன், இனி எவ்வளவும் ஏற்றலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பட்டை போட்டால் வண்டியின் பின் பக்கம் தாழாது, அவ்வளவுதான். பிரேக்கும் ஆக்ஸிலும் டயரும் பழையதேதானே.

அடுத்தது பாரத்தின் நடு. எல்லாவற்றையும் விட முக்கியம் இதுதான், யாரும் பார்க்காததும் இதுதான். பெட்டி தராசு மாதிரி சமமாக நிற்கும் கோடு பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலேயோ அதற்கு ஒரு சாண் முன்னாலோ வர வேண்டும். பின்னால் போனால் வண்டி முன்பக்கம் தூக்கும். வீல்பேஸ் (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம்) 3 மீட்டர், பெட்டி 600 கிலோ, நடுக்கோடு ஆக்ஸிலுக்கு 30 செ.மீ. பின்னால் என்று வையுங்கள். முன் சக்கரத்தில் இருந்து 60 கிலோ குறைந்துவிடும். நல்ல ரோட்டில் தெரியாது, மழையில் நனைந்த வளைவில் ஸ்டியரிங் திருப்பினால் வண்டி கேட்காமல் நேரே போகப் பார்க்கும்.

அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. சிமெண்ட் தரையில் இரண்டு இஞ்ச் ஜி.ஐ. பைப் ஒன்றைக் குறுக்கே போட்டு அதன் மேல் பெட்டியை இறக்குங்கள், இரண்டு முனையிலும் ஒரு இஞ்சுக்கு மேல் சாயாதபடி கட்டை கொடுத்துவிட்டு. பைப்பை முன்னும் பின்னும் தட்டி நகர்த்தினால் பெட்டி எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடம் கிடைக்கும். அங்கே பெட்டியின் இரண்டு பக்கமும் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள், இனி அந்தக் கோடுதான் உங்களுக்கு வழிகாட்டி. டேங்கில் தண்ணீர் நிரப்பியும் காலியாகவும் இரண்டு முறை பாருங்கள். கோடு அதிகம் நகர்ந்தால் டேங்க் வைத்த இடம் தப்பு, அதை அந்தக் கோட்டுப் பக்கம் கொண்டுவர வேண்டும். இடவலமும் பாருங்கள், அடுப்பு, டேங்க், பேட்டரி மூன்றையும் ஒரே பக்கம் வைத்தால் வண்டி நின்ற இடத்திலேயே சாய்ந்திருக்கும்.

பெட்டி ஏற்றிய பிறகு எடை மேடைக்குத் திரும்பப் போய் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை எடுங்கள், பின் சக்கரங்களுக்கு ஒரு எடை. பெட்டி இல்லாதபோது முன் சக்கரங்களில் இருந்த எடையை விட இப்போது குறைந்திருந்தால் பாரம் பின்னால் தொங்குகிறது என்று அர்த்தம்.

இப்போது தட்டு. பெட்டியைத் தட்டில் பிடித்தால் மட்டும் போதாது, தட்டு, வண்டியின் அடிச்சட்டமான சேஸிசைப் பிடித்திருக்க வேண்டும். பாடியின் அடியில் படுத்து தட்டையும் சேஸிசையும் சேர்த்துப் பிடிக்கிற யூ கிளாம்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நட் துருப்பிடித்து இறுகிய மாதிரி தெரியும், ஸ்பேனர் போட்டால் சுற்றும். நம் ஊரில் மீன் லோடு, ஐஸ் லோடு அடித்த வண்டி என்றால் உப்புத் தண்ணீர் ஒழுகி தட்டின் அடியில் குறுக்கே போகிற சட்டமான கிராஸ் மெம்பரே உள்ளுக்குள் அரித்திருக்கும், சுத்தியலால் தட்டிப் பாருங்கள், நல்ல இரும்பு "டங்" என்று சொல்லும், அரித்தது செத்த சத்தம் போடும். அரித்ததை மாற்றாமல் மேலே எதையும் வைக்க வேண்டாம்.

தட்டின் மேல் ரப்பர் ஷீட் விரியுங்கள். ரப்பர் விளைகிற கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதற்குக் கஞ்சத்தனம் வேண்டாம். மேடு மேடாக வரி போட்ட தகடான செக்கர் பிளேட்டின் மேல் பிளைவுட் நேராக உட்கார்ந்தால் எடையில் மூன்றில் ஒரு பங்கு விசைக்கே வழுக்க ஆரம்பிக்கும். வழுக்காத ரப்பர் மேட் இருந்தால் சுமார் அறுபது சதவீதம் வரை தாங்கும். சரக்கு கட்டும் விதிகளில், ஐரோப்பாவிலும் சரி அமெரிக்காவிலும் சரி, முன்பக்கம் சரக்கின் எடையில் 0.8 பங்கும், பின்பக்கமும் பக்கவாட்டிலும் 0.5 பங்கும் விசையைத் தாங்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 600 கிலோ பெட்டிக்கு முன்னால் 480 கிலோ, பக்கத்துக்கு 300 கிலோ. இதில் ரப்பர் 360 கிலோவைப் பார்த்துக்கொள்ளும் என்று கணக்கு சொல்லும், ஆனால் பள்ளத்தில் விழுந்து எழும்பும் நொடியில் பெட்டி தட்டில் அழுத்துவதே இல்லை, அப்போது ரப்பருக்கு வேலையும் இல்லை. நம் ரோடுகளில் அந்த நொடி அடிக்கடி வரும். அதனால் ரப்பரைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொண்டு முழு விசையையும் தடுப்பு தாங்கும்படி செய்யுங்கள்.

தடுப்பு என்றால் ஆங்கிள்தான், அதாவது எல் வடிவ இரும்பு. முன்பக்கம் 65க்கு 65, 6 மி.மீ. கனமுள்ள ஆங்கிளைப் பெட்டியின் முழு அகலத்துக்கும் போட்டு, தட்டின் வழியாகக் கீழே கிராஸ் மெம்பர் வரை போல்ட் இறக்க வேண்டும். தட்டுத் தகரத்தில் மட்டும் வெல்டிங் பிடித்து நிறுத்தினால் அது பிய்த்துக்கொண்டு வரும், தோவாளையில் நான் பார்த்த கொக்கி மாதிரியே. இரண்டு பக்கமும் 50க்கு 50 ஆங்கிள் துண்டுகள், பக்கத்துக்கு இரண்டு. பின்பக்கத் தடுப்பு மட்டும் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும், பெட்டி உள்ளே வர வழி வேண்டுமே. ஆங்கிளுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டினால் உரசல் சத்தமும் இருக்காது. போல்ட் எம் 12 (12 மி.மீ. கனம்), தலையில் பலத்தைக் காட்டும் 8.8 என்று அச்சிட்டிருக்க வேண்டும், எந்த எண்ணும் இல்லாத போல்ட்டை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். நட் நைலாக், அதாவது தளராமல் பிடிக்க உள்ளே நைலான் வளையம் உள்ளது. எம் 12க்குச் சுமார் 80 நியூட்டன் மீட்டர் முறுக்கு சரியாக இருக்கும்.

முன் ஆங்கிளை வைக்கும் இடத்தைப் பாரத்தின் கோடு முடிவு செய்யட்டும், கேபினுக்கு ஒட்டி வைக்க வேண்டும் என்ற ஆசை முடிவு செய்யக்கூடாது. கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவில் குறைந்தது நாலு விரல் இடைவெளி வேண்டும். கேபின் தன் ரப்பரில் ஆடும், சேஸிஸ் முறுக்கும், இரண்டும் சந்தித்தால் உடைவது பெட்டிதான்.

அப்புறம்தான் கட்டு. நாலு மூலைக்கும் நாலு டர்ன்பக்கிள், அதாவது நடுவில் திருகினால் நீளம் குறைந்து இறுகுகிற இழுப்பான். கொக்கி முனை உள்ளதை வாங்காதீர்கள், குதித்தால் கழன்றுவிடும், இரண்டு முனையிலும் முள்கரண்டி மாதிரி பிளந்து, குறுக்கே ஊசி (பின்) போடுகிற வகையை வாங்குங்கள். தாங்கும் எடை அதன் மேலேயே பொறித்திருக்க வேண்டும். மேல் முனை பெட்டியின் அடிச்சட்டத்தில், உள்பக்கம் ஒரு 100க்கு 100 இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்ட கண்ணியில் மாட்ட வேண்டும். வெறும் பிளைவுட்டில் ஸ்க்ரூ அடித்த கண்ணி இழுத்த இழுப்பில் கையோடு வரும். கீழ் முனை சேஸிசில். முன் இரண்டும் முன்னால் சாய்ந்து, பின் இரண்டும் பின்னால் சாய்ந்து, ஏறக்குறைய 45 பாகையில் இழுத்தால் கீழேயும் அழுத்தும், நகரவும் விடாது.

சேஸிசில் ஓட்டை போடாதீர்கள், வெல்டிங்கும் வேண்டாம், அதுவும் மேல், கீழ் விளிம்புகளைத் தொடவே கூடாது. சேஸிசின் பலம் முழுக்க அந்த விளிம்பில்தான், அங்கே ஆரம்பிக்கிற வெடிப்பு ஒரு நாள் சேஸிசையே பிளக்கும். யூ கிளாம்ப் போட்டு பிராக்கெட் மாட்டலாம், சேனலின் உள்ளே கட்டை கொடுத்து இறுக்கினால் விளிம்பு மடங்காது, சைலன்சர் பக்கத்தில் கட்டைக்குப் பதில் இரும்புத் துண்டு. பிரேக் பைப்பும் ஒயரும் கிளாம்புக்குள் மாட்டிக்கொள்ளாமல் பாருங்கள். வண்டியில் வேறு எங்காவது வெல்டிங் வைப்பதானால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வையுங்கள்.

ஏணி மாதிரி இருக்கிற சேஸிஸ் மேடுபள்ளத்தில் முறுக்கும், பெட்டி முறுக்காது. எல்லாக் கட்டும் இரும்பும் இரும்புமாக இருந்தால் ஒரு மூலை தளர்ந்து அடுத்த நொடி வெடுக்கென்று இழுக்கும், அந்த வெடுக்குதான் கண்ணியைப் பிய்க்கிறது. அதனால் டர்ன்பக்கிளின் ஒரு முனையில் கனமான ஸ்பிரிங்கோ ரப்பர் புஷ்ஷோ கொடுங்கள். கையால் இறுக்கி, அப்புறம் இரண்டு மூன்று சுற்று. ஆசைப்பட்டு இன்னும் இறுக்கினால் பெட்டியின் சட்டம் வளையும். லாக் நட் போட்டுக் கம்பியால் முடிந்துவிடுங்கள். ராட்செட் பெல்ட் கூடுதலாக இருக்கட்டும், ஆனால் நம் வெயிலில் அது சீக்கிரம் வெளுத்து நூல் நூலாகப் போகும், அதை மட்டும் நம்பி ஓட்டக்கூடாது.

ஏற்றும் நாளைப் பற்றி. நாலு மூலையிலும் கால் ஜாக்கி உள்ள பெட்டியோ, பட்டறையில் தொங்கும் செயின் பிளாக்கோ, எதுவானாலும் தரை சமமாக இருக்க வேண்டும். நம் செம்மண் தரை மழை பெய்தால் மெழுகு மாதிரி, இங்கே இரண்டு மழையும் பெய்கிறது, எனவே ஒவ்வொரு ஜாக்கியின் காலுக்கும் கீழே ஒரு அடி சதுரப் பனங்கட்டை போடுங்கள். ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் 5 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வராமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். அப்புறம் வண்டியை ரிவர்சில் கொண்டு வரணும், ஓட்டுகிறவருக்குக் கை காட்ட ஒரே ஒரு ஆள். நாலு பேர் கத்தினால் ஓட்டுகிறவர் யார் பேச்சைக் கேட்பார்? எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர், முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், ஒவ்வொரு முறையும் இதையே சொல்வார், "மக்கா, சொல்ல ஒருத்தன், கேக்க ஒருத்தன், மிச்சம் உள்ளவன் எல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம் போ." பெட்டி ஜாக்கியில் நிற்கும்போது யாரும் கீழே குனியக்கூடாது, உள்ளேயும் ஏறக்கூடாது. கோடு ஆக்ஸிலுக்கு நேர் வந்ததும் ஹேண்ட் பிரேக், கியர், சக்கரத்துக்குக் கட்டை, அப்புறம் மெதுவாக இறக்கம்.

ஆடியில் இந்த வேலை வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றவர்களுக்கு அது வெறும் பழமொழி இல்லை. முப்பந்தலில் அவ்வளவு காற்றாலை நிற்பதே மலையிடுக்கில் புகுந்து வருகிற அந்தக் காற்றுக்காகத்தான். பெட்டியின் பக்கம் 2.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம் என்றால், 60 கிலோமீட்டர் வேகக் காற்று அதை ஏறக்குறைய 100 கிலோ விசையோடு பக்கவாட்டில் தள்ளும். 80 ஆனால் 180 கிலோ. காற்று இரட்டித்தால் தள்ளுவது நாலு மடங்கு. திருநெல்வேலி ரோட்டில் மலை மறைப்பு முடிந்து வெளியே வரும் இடத்தில் வண்டி சட்டென்று ஒரு பக்கம் இழுப்பதை வெறும் வண்டியிலேயே உணரலாம். ஜூனில் இருந்து செப்டம்பர் வரை அந்தப் பகுதியில் ஐம்பதுக்குள் போங்கள், பஸ் முந்தும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள்.

முதல் பயணத்தில் 10 கிலோமீட்டரில் ஒரு தடவை, 50ல் ஒரு தடவை நிறுத்திக் கட்டுகளைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ரப்பர் அமுங்கும், கட்டு தளரும். நாகர்கோவிலில் கிளம்பினால் தோவாளையில் ஒரு டீ, அதோடு ஒரு சுற்று. நட்டிலும் பிராக்கெட்டிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிட்டால், கோடு விலகியிருக்கிறதா என்று குனிந்த உடனே தெரியும். டயரில் காற்று முழு லோடுக்குச் சொன்ன அளவு இருக்க வேண்டும். வண்டி உயரம் இப்போது பத்து அடியைத் தொடும் என்பதை எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள். ரயில்வே சுரங்கப்பாதை, ஊருக்குள் குறுக்கே போகிற ஒயர், குலசேகரம் பக்கத்துப் பலா மரக் கிளை எல்லாம் இனி உங்கள் கணக்கில் வரும்.

ஓடும்போது பெட்டிக்குள் யாரும் இருக்கக்கூடாது, பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. சரக்கு இடத்தில் ஆள் ஏற்றக்கூடாது என்பது சட்டம், அதற்கும் மேலே, பிரேக் போட்டால் உள்ளே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கேஸ் வால்வு ஓட்டத்தில் மூடியே இருக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றை விடக் கனம், கீழே தேங்கும், எனவே சிலிண்டர் அறைக்குத் தரைமட்டத்தில் வெளியே திறக்கும் துவாரம் கட்டாயம்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52வது பிரிவின்படி, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது, 2019ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பெட்டியை நிரந்தரமாகப் பொருத்தினால் அது மாற்றம். கழற்றி இறக்குகிற சரக்காக வைத்தாலும் அளவைத் தாண்டி நீளக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு பக்கத்திலோ பின்னாலோ உயரத்திலோ அனுமதித்ததற்கு மேல் நீட்டிய லோடுக்கு 20,000 ரூபாய், எடை கூடினால் 20,000த்தோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. உங்கள் வண்டி டி.என். 74 என்றால் நாகர்கோவில், 75 என்றால் மார்த்தாண்டம், அங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படத்தோடு போய்க் கேட்டுவிட்டே பெட்டி வேலையை ஆரம்பியுங்கள். இன்சூரன்ஸ்காரர்களுக்கும் எழுத்தில் சொல்லுங்கள்.

கடலோரத்தில் தங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம், எங்கே இரண்டு ராத்திரி நிறுத்தினாலும் வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுங்கள். அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டால் உப்புக் காற்றில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், நடுவில் நைலான் வாஷரோ ரப்பரோ கொடுக்க வேண்டும். டர்ன்பக்கிள் மரையில் கிரீஸ் தடவிப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டால் வருஷக் கணக்கில் சுற்றும்.

இறக்கும்போது ஏற்றியதைத் தலைகீழாகச் செய்தால் போதும், தண்ணீர் டேங்கைக் காலி செய்துவிட்டு. இறக்கிய பெட்டியை ஜாக்கிக் கால்களில் நிற்க விட்டுவிடாதீர்கள். கட்டைகளின் மேல் தாழ்வாக உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தரையில் அடித்த முளையிலோ மதில் தூணிலோ கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள், மேலே தென்னை இல்லாத இடமாகவும் பார்த்து.